கோடையில் ஒழுகிய மச்சு

மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுச் சுவர் கெட்டால் யார் பொறுப்பு என்று கேட்டுப் போன வாரம் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருமே பாளையங்கோட்டையில் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிற காரியஸ்தர்கள். இப்போது மாடிக்கெல்லாம் குழாய் ஏறிவிட்டது, கூடவே சண்டையும் ஏறிவிட்டது. ஒருவர் குடியிருப்பவரைக் குற்றம் சொன்னார். மற்றவர் குழாய் வைத்தவனைத் திட்டினார். வீட்டுச் சொந்தக்காரரைக் காப்பாற்றுவதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். "நீங்க இதே வேலையில கெடந்தவிய. உங்க காலத்துல இதை எப்படி அண்ணாச்சி தீத்திய?" என்றார்கள்.

எங்கள் காலத்தில் குழாய் ஏது? கிணறுதான். ஆனாலும் ஒழுக்குக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வாய்க்கு வந்த நாலு வார்த்தை சொல்லி, காப்பி கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரே ஒரு வீட்டைப் பற்றி முழுதாக எழுதிவிட்டால் தேவலை என்று தோன்றியது. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இப்போது இந்த ஊரில் இல்லை. எழுதினால் யாருக்கும் தலைக்குனிவு வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த புதிதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். திருநெல்வேலி டவுணில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு முதலாளிக்குப் பாளையங்கோட்டையில் சில வளவுகள் இருந்தன. ஒரே வாசல், ஒரே முற்றம், ஒரே கிணறு, அதைச் சுற்றிக் கீழும் மேலுமாக வாடகை வீடுகள். அதைத்தான் எங்கள் பக்கத்தில் வளவு என்போம். பள்ளிக்கூட வாத்திமார், கோர்ட்டு ரைட்டர்கள், கச்சேரிக் குமாஸ்தாக்கள் என்று பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் குடியிருந்தார்கள். நான் சின்னக் காரியஸ்தன். முதல் சில வருஷங்கள் சுண்ணாம்பு நீற்றுகிற இடத்தில் காவல் நின்றேன், வாறுகால் அடைப்பெடுக்க ஆள் பிடித்தேன், வசவு வாங்கினேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பெரிய காரியஸ்தர் குற்றாலம் பிள்ளை. குள்ளம், கனத்த உடம்பு, காதில் கடுக்கன். சட்டை போடமாட்டார், தோளில் துண்டு மட்டும்தான். ஒழுக்கு என்று ஒரு வீட்டில் கூப்பிட்டால், "இங்கன பாரும் பிள்ளைவாள், அங்கன பாரும்" என்று வீட்டுக்காரர்கள் மச்சைக் காட்டிக் காட்டிக் கூப்பாடு போடுவார்கள். அவர் அண்ணாந்தே பார்க்கமாட்டார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். ஒரு தரம் போட்டு மென்று முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. பிறகு எழுந்து புறங்கையைச் சுவரின் அடியில் வைத்துப் பையப் பைய மேலே கொண்டுபோவார். ஈரம் தொடங்குகிற இடத்தில் கை நிற்கும். அந்தக் கையை மோந்து பார்ப்பார். மழைத் தண்ணீருக்கு ஒரு வாடை, பாத்திரம் கழுவும் அங்கணத்துத் தண்ணீருக்கு ஒரு வாடை என்பார். எனக்குக் கடைசிவரை எல்லாம் ஒரே சுண்ணாம்பு வாடையாகத்தான் இருந்தது.

அவருடைய சட்டம் சின்னது. "மழை ஊத்துனா மொதலாளி. மனுசன் ஊத்துனா குடியிருக்கவன். எவன் ஊத்துனான்னே தெரியலைன்னா நாம சரியாப் பாக்கலைன்னு அர்த்தம்லே. மறுபடி போயிப் பாரு."

பார்ப்பதற்கு வழியும் வைத்திருந்தார். மேல்வீட்டு அங்கணத்தின் தூம்பைக் களிமண்ணால் அடைத்து மஞ்சள் கரைத்த தண்ணீரைக் கட்டச் சொல்வார். மொட்டை மாடியில் காவி கரைத்த தண்ணீரைக் கட்டச் சொல்வார். கீழே எந்த நிறம் இறங்குகிறதோ அந்த இடத்தில் ஓட்டை. நிறம் இறங்குகிற நேரத்தில் இன்னொரு காரியம் செய்வார். மேல்வீட்டுக்காரரைக் கீழ்வீட்டில் கொண்டுவந்து உட்காரவைப்பார், கீழ்வீட்டுக்காரரை மேல்வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவரவர் இடத்தில் இருந்துகொண்டு பேசினால் பேச்சு முடியாது என்பது அவர் கட்சி. ஒருமுறை மாடியில் குடியிருந்த ஒரு தலைமை வாத்தியார், ஒழுகுவது மழைத் தண்ணீர்தான் என்று சத்தியம் செய்யாத குறை. கீழே கொண்டுவந்து உட்காரவைத்தோம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கோட்டின் தோளில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. "மழைக்கும் காமாலை வந்துட்டா ஐயா?" என்று பிள்ளைவாள் கேட்டார். அந்த மனுஷர் அன்றைக்கே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

இனி அந்த வீடு. எங்கள் வளவுகளில் கிழக்கே இருந்ததைக் கிழக்கு வளவு என்போம். அதில் வாசலை ஒட்டிக் கீழே சாமுவேல் ரைட்டர் குடியிருந்தார். கோர்ட்டில் எழுத்து வேலை. வீட்டில் பேசும்போதும் பிராது வாசிப்பதுபோலவே பேசுவார். அவர் மனைவி அன்னம்மாள். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் முற்றத்துக் காக்காய் பறந்துவிடும். அவர்களுக்கு நேர் மேலே எஸ்தர் குடியிருந்தாள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை கிடையாது. புருஷன் தானியேல், கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே பினாங்குக்குக் கப்பலேறிவிட்டான். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. மாதம் ஒரு கடிதமாவது வந்துவிடும்.

கிணற்றுக் கயிற்றைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும். பொழுதடைந்ததும் எல்லா வளவுகளிலும் கிணற்றுக் கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கொண்டுபோய்விடுவோம். இரவில் தெருவாட்கள் வந்து இறைத்தால் கோடையில் கிணறு அடி தெரிந்துவிடும் என்று பிள்ளைவாள் போட்ட கட்டளை. கழற்றுவது என் வேலை. கிழக்கு வளவுக்குக் கடைசியாகப் போவேன். போகும்போதெல்லாம் கிணற்றடியில் எஸ்தர் இருப்பாள். "இன்னும் ரெண்டே தோண்டி அண்ணாச்சி" என்பாள். நான் கப்பியில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். இறைத்த தண்ணீரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறிப் போவாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சீக்கிரம் கயிற்றைக் கொடுத்தால் போதும் என்றும் தோன்றவில்லை. அதுதான் உண்மை.

ஒரு சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆற்றில் மணல்தான் ஓடியது. அன்னம்மாள் வளவுக் கணக்கெல்லாம் இருக்கிற எங்கள் கச்சேரிக்கே வந்துவிட்டாள்.

"ஊரெல்லாம் மழை இல்லைன்னு செபம் பண்ணுது. எங்க வீட்டுல மட்டும் மழை பெய்யுது. வந்து பாரும் பிள்ளைவாள்!"

போனோம். உள்ளறை மச்சில் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு ஈரம் பரந்திருந்தது. நடுவில் காரை பெயர்ந்து விழுந்து செங்கல் தெரிந்தது. விழுந்த காரை நேராகத் தொட்டிலில் விழுந்திருக்கிறது. பால் கொடுப்பதற்காகப் பிள்ளையை அப்போதுதான் எடுத்திருந்தாளாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய வாய் கோணிக்கொண்டு போனது.

சாமுவேல் ரைட்டர் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "மேல்வீட்டிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆகவே ஒன்று அந்தப் பெண்பிள்ளை காலி செய்யவேண்டும், அல்லது நாங்கள் காலி செய்கிறோம். காரியஸ்தர் முடிவு சொல்லவேண்டும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் பிள்ளையின் தொட்டிலாக இருந்தால் நான் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

பிள்ளைவாள் உட்கார்ந்தார், வெற்றிலை போட்டார், புறங்கையை வைத்தார், மோந்தார். "வாடையே இல்லலே. இது நல்ல தண்ணி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் குழம்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேல்வீட்டு அங்கணத்தில் மஞ்சள் தண்ணீரைக் கட்டினோம். இறங்கவில்லை. மொட்டை மாடியில் காவியைக் கட்டினோம். வெயிலில் அது வற்றித்தான் போனது, கீழே ஒரு பொட்டு சிவப்பு வரவில்லை. ஆனால் ஈரம் மட்டும் காயாமல் அப்படியே இருந்தது. "அவ என்னமோ மறைக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றாள் அன்னம்மாள். எஸ்தர் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அவள் பேரில் கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக்கூடாதா?

கடைசியில் பிள்ளைவாள் தம் வழக்கப்படி எஸ்தரைக் கீழே கூப்பிட்டுப் பெயர்ந்த மச்சுக்குக் கீழே உட்காரவைத்தார். அன்னம்மாளை மேலே போகச் சொன்னார். எஸ்தர் அண்ணாந்து பார்த்தாள். பிறகு தொட்டிலைப் பார்த்தாள். சுண்ணாம்புத் தூள் இன்னும் தொட்டில் சேலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதே" என்றாள்.

அதே நேரம் மேலேயிருந்து அன்னம்மாளின் குரல் வந்தது.

"ஏட்டி எஸ்தரு! இங்கன என்னட்டி வச்சிருக்க?"

எல்லோரும் மாடியேறிப் போனோம். உள்ளறையில் ஒரு மூலையை மறைத்துச் சேலை கட்டியிருந்தது. அன்னம்மாள் அந்தச் சேலையை விலக்கிவிட்டு நின்றாள். உள்ளே ஒரு பெரிய பித்தளை அண்டா. வாய்க்கு வெள்ளைத் துணி போட்டு மூடி, துணியின்மேல் ஒரு செம்பு கவிழ்த்திருந்தது. பக்கத்தில் உட்கார மனையும் தலை துவட்ட மடித்த துவர்த்தும் புதுச் சோப்பும் இருந்தன. அண்டா விளிம்புவரை நிறைந்திருந்தது. கீழே அண்டா உருளாமல் இருக்க வைக்கோல் பிரிமணை வைத்திருந்தாள். பிள்ளைவாள் குனிந்து அந்தப் பிரிமணையைப் பிழிந்தார். தண்ணீர் வழிந்தது. அண்டாவின் அடியில் எப்போதோ வைத்த ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறது. சொட்டுவது வைக்கோலில் ஊறி, வைக்கோலிலிருந்து தளத்தில் ஊறி, மேலே ஒரு துளிகூடத் தெரியாமல் கீழே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"உள்ளறையில தண்ணி வைக்கக் கூடாதுன்னு குடிவரும்போதே சொன்னேனா இல்லையா தாயி?" என்றார் பிள்ளைவாள்.

"சொன்னிய ஐயா."

"பொறவு?"

"அவிய வந்தா குளிக்கணும்லா."

யாருக்கும் உடனே புரியவில்லை. எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தானியேல் வெளியிலிருந்து எப்போது வந்தாலும் முதலில் தலையில் நாலு செம்பு ஊற்றிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பானாம். கப்பலேறப் போகும்போது, "முன்கூட்டிக் கடுதாசி போட்டுட்டு வரமாட்டேன். திடீர்னு வந்து நிப்பேன். தண்ணி மட்டும் எடுத்து வையி" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். அவன் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பான். இவள் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நிரப்புகிறாள். மறுநாள் சாயங்காலம் அந்தத் தண்ணீரில் துணி அலசி, பாத்திரம் கழுவி, கையோடு மறுபடி நிரப்புகிறாள்.

"வந்த பொறவு எறைச்சுக் குடுத்தா ஆவாதா?"

"ரயிலு ராத்திரில்லா ஐயா வருது. கயித்த நீங்க பொழுதடைஞ்சதும் எடுத்துட்டுப் போயிருதிய."

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பிள்ளைவாள் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"ஏலே ஆறுமுகம், கயித்த எடுக்கது யாரு?"

"நான்தான் ஐயா."

"எடுக்கச் சொன்னது?"

"நீங்க."

"அப்ப ஊத்துனது நாமதாம்லே."

சாமுவேல் ரைட்டர் விடவில்லை. "அது எப்படி? அண்டா அவர்களுடையது. ஓட்டையும் அவர்களுடையது."

"அண்டா அவளோடதுதான் வே. கயிறு கெணத்துல கெடந்தா அந்த அண்டா இந்த மூலைக்கு வந்திருக்குமா? செலவு வளவுச் செலவு. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். இன்னைக்கிலேருந்து கயிறு கப்பியிலயே கெடக்கட்டும்."

முப்பது வருஷமாக அந்தக் கட்டளை இருந்தது. அதைப் போட்டவரே ஒரு தையல் டீச்சரம்மாவின் வார்த்தைக்கு எடுத்துவிட்டார். எனக்கு அவர் காலில் விழவேண்டும்போல இருந்தது.

ஆனால் வேலை அதோடு தீரவில்லை. தளத்தைத் தட்டிப் பார்த்தால் அதைத் தாங்குகிற இரண்டு பனங்கைகளின் நுனி இற்றுப்போயிருந்தது. தளத்தை உடைத்து, பனங்கையை மாற்றி, மறுபடி செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுகவேண்டும். மேல்வீட்டில் ஆள் இருக்கமுடியாது. அதைச் சொன்னதும் எஸ்தர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா எங்கயும் போமாட்டேன் ஐயா. அவியளுக்கு இந்த வீட்டத் தவிர வேற எதுவும் தெரியாது. வந்து கதவத் தட்டும்போது நா இல்லைன்னா அவிய எங்கன போயித் தேடுவாவ?"

பினாங்குக்கு ஒரு கடிதம் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு ரைட்டரும் அதைத்தான் கேட்டார். கிளம்பிய பிறகு கடிதம் போய் என்ன செய்ய என்றாள். அவள் கணக்கில் அவன் எப்போதும் கிளம்பிவிட்டவன்தான்.

அன்னம்மாள் அதுவரை அந்தக் குளியல் மனைமேலேயே உட்கார்ந்திருந்தாள். சட்டென்று எழுந்தாள்.

"நீ எங்கயும் போவாண்டாம்ட்டி. எங்க வீட்டு முன்னறையில வந்து கெட. வேலை முடியட்டும். முடிஞ்ச பொறவு நா மேல வந்துருதேன். நீ கீழயே இருந்துக்க. எவ்வளவு வேணும்னாலும் ஊத்து. கீழ மண்ணுதான, குடிச்சிட்டுப் போவுது."

"அன்னம், நான் சொன்னது என்னவென்றால்..." என்று ரைட்டர் தொடங்கினார்.

"அதக் கோர்ட்டுல போயிச் சொல்லுங்க. மேல காத்து நல்லா வருது."

பிள்ளைவாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை தொடங்கியது. பழைய தளத்தை உடைத்து அள்ளினோம். தேக்கில் இரண்டு உத்தரக்கட்டை போட்டோம். சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரை விட்டு அரைத்து, பெண்ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கினார்கள். நான் காலையில் போய்ப் பொழுதடைய வீடு திரும்புவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எஸ்தர் அன்னம்மாளின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவாசலில் நிற்பாள். வெயிலில் நிற்கிறோம் என்று எங்களுக்கெல்லாம் பானகம் கரைத்துக் கொடுப்பாள். செம்பை என் கையில் கொடுக்கும்போதும் கண் தெருவில்தான் இருக்கும். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கழுத்து திரும்பும்.

அந்தக் கழுத்து திரும்புவதைப் பார்த்துத்தான் நான் கெட்டேன். என் மனைவி தலைப்பிரசவத்திலேயே போய்விட்டாள். என் அக்கா வருஷத்துக்கு ஒரு ஜாதகம் கொண்டுவந்து காட்டுவாள், நான் தட்டிவிடுவேன். மனசு கட்டையாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை யாராவது இப்படி எதிர்பார்த்து நிற்கமாட்டார்களா என்று முதலில் தோன்றியது. போகப் போக, இவளே நிற்கமாட்டாளா என்று ஆகிவிட்டது. அவள் வேறொருவன் மனைவி, வேறு வேதம், என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய?

சொன்னபடியே வீடு மாறினார்கள். அன்னம்மாள் குடும்பம் மேலே போனது. எஸ்தர் கீழே வந்தாள். ஓட்டையை அடைத்து அண்டாவும் கீழே வந்தது. கயிறு இராப்பகலாகக் கிணற்றில் கிடந்தும் அவள் நிரப்புவதை நிறுத்தவில்லை. நிரப்பாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை என்று அன்னம்மாளிடம் சொன்னாளாம்.

எனக்குத்தான் போச்சு. கயிறு எடுக்கிற வேலை இல்லாமல் போனதும் சாயங்காலம் அந்த முற்றத்தில் நிற்க எனக்கு என்ன காரியம்? கப்பிக்கு எண்ணெய் போட வந்தேன் என்பேன். வாறுகால் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பேன். புதுத் தளம் கீழே ஈரம் காட்டுகிறதா என்று சுவரைத் தட்டிப் பார்ப்பேன். "ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி" என்பாள் எஸ்தர். "இருக்கட்டும், பாத்துக்கிட்டா நல்லது" என்பேன்.

அதற்குப் பிறகுதான் சண்டை வந்தது. ஜெர்மன்காரன் பினாங்குத் துறைமுகத்திலேயே புகுந்து கப்பலை முழுக்கிவிட்டான் என்று பேச்சு வந்தது. தானியேலின் கடிதம் நின்றது. ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. தபால்காரன் அந்த வாசலைத் தாண்டும்போது நடையை விரைவாகப் போடுவான். கோயிலில் அவள் புருஷனுக்காகச் செபித்தவர்கள் பையப் பைய அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். அவள் தம்பி வந்து ஊருக்குக் கூப்பிட்டான். "அண்டாவ விட்டுட்டு எப்படிடா வருவேன்?" என்று கேட்டாளாம். தம்பி அழுதுகொண்டே வண்டியேறிப் போனான்.

இப்போது நினைத்தாலும் சொல்லத் தெரியவில்லை. அவன் உயிரோடு வரவேண்டும் என்று நான் மனசார வேண்டியிருக்கிறேன். அவள் படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. வேண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தால், அவன் வந்துவிட்டால் அந்த முற்றம் எனக்கு இல்லையே என்று புரண்டுகொண்டிருப்பேன். இரண்டும் ஒரே மனசில்தான் கிடந்தன.

பிள்ளைவாளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கச்சேரியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வயதாக ஆக என்னையும் அவர் 'லே'யை விட்டு மரியாதையாக 'வே' போட்டுப் பேசத் தொடங்கியிருந்தார்.

"கெழக்கு வளவுச் சொவரு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு ஐயா."

"பொறவு எதுக்குவே தெனமும் தட்டிப் பாக்கீரு?"

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார். அத்தனை வருஷத்தில் அதிலிருந்து எனக்கு வெற்றிலை கொடுத்தது அந்த ஒரு தடவைதான். கொஞ்ச நாளில் வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

சண்டை முடிந்து அடுத்த கோடை. மத்தியானம். நான் கிழக்கு வளவு முற்றத்தில் குனிந்து வாறுகாலில் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். அதில் அடைப்பு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறை, எஸ்தர் உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். தெருவாசல் வழியாக ஒரு ஆள் தகரப்பெட்டியோடு வந்தான். கறுத்து, வற்றி, தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான், தாண்டிப் போனான். நேராக மாடிப்படியில் ஏறினான். படி எத்தனை என்று அவன் காலுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. குச்சி கையிலேயே நின்றது.

மேலே கதவைத் தட்டினான். அன்னம்மாள் திறந்தாள். அந்த அம்மாள் வாய் மூடி நின்றது அந்த வளவிலேயே அதுதான் முதல் தடவை. பிறகு அழுகையும் கூப்பாடுமாகக் கத்தினாள்.

"இங்கன இல்லவே! கீழ எறங்கும்! உம்ம பொஞ்சாதி கீழ இருக்கா! தண்ணி நெறச்சு வச்சிருக்கா, கீழ எறங்கும்!"

அவன் இறங்கிவந்தபோது எஸ்தர் வாசல்படியில் நின்றாள். தைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. அவள் உள்ளே போனாள், அவன் பின்னாலேயே போனான். செம்பு அண்டாவில் முட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் தலையில் விழுந்து தரையில் அடிக்கிற சத்தம் கேட்டது. நாலு செம்போடு நிற்கவில்லை. அண்டா முழுவதையும் ஊற்றித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவன் குரல் கேட்டது, அவள் பெயரைச் சொன்னான்.

நான் குச்சியைச் சாய்த்துவைத்துவிட்டுக் கிளம்பினேன். தெருவாசலைத் தாண்டும்போது பின்னால் ஓடிவந்தாள். சேலை முழுவதும் நனைந்திருந்தது.

"அண்ணாச்சி! அவிய வந்துட்டாவ அண்ணாச்சி!"

தினமும் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். அப்படி ஒரு சிரிப்பு அதில் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "சந்தோசம் தாயி" என்றேன். தாயி என்று அவளை நான் கூப்பிட்டது அன்றுதான் முதல். வீட்டுக்கு எந்தத் தெருவழியாக வந்தேன் என்று தெரியாது.

சண்டைக்காலத்தில் தானியேல் போட்ட கடிதம் ஒன்றும் வந்துசேரவில்லையாம். அவன் மறுபடி கப்பலேறவில்லை. இங்கேயே ஒரு கடையில் கணக்கெழுதினான். அதே கீழ்வீட்டில்தான் குடியிருந்தார்கள், பல வருஷம். நல்ல மனுஷன். வழியில் பார்த்தால் நின்று பேசுவான். ஆனால் ஒரு வீட்டில் புருஷன் இருக்கும்போது, காரணமில்லாமல் அந்தச் சுவரைத் தட்ட முடியுமா? நான் போவதை நிறுத்திவிட்டேன். கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். பெரிய காரியஸ்தன் நான். ஒழுக்கு என்று சொல்லி அனுப்பினால் நான்தான் போகவேண்டும்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் என் கீழே வேலை பார்த்த சின்னக் காரியஸ்தர் எல்லா வளவுகளையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நனைந்துகொண்டே கச்சேரிக்கு வருவார். மேற்கே இரண்டு வீட்டில் மச்சு ஒழுகுகிறது, தெற்கே ஒரு சுவர் ஊறிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒழுக்கை நிறுத்துவதற்காக முதலாளி கொடுத்த சோற்றைத் தின்றவன் நான். மற்ற வளவுகளைப் பற்றிச் சொல்லும்போது தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்பேன். கடைசியில்தான் கேட்பேன்.

"கெழக்கு வளவு?"

"அங்கன ஒரு சொட்டு இல்ல அண்ணாச்சி. காஞ்சு கெடக்கு."

"கீழ்வீட்டுலயும் பாத்தீரா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்லை."

"நல்லது" என்பேன். வருஷா வருஷம் அதைத்தான் சொன்னேன்.